ஹேங் ஆகாத ஞாயிற்றுக்கிழமை

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை 10.00: தாரணி அழைப்பு. 10.03: ஹேங்.

மூன்றே நிமிஷம். போன வாரம் நான்கு. அதற்கு முந்தின வாரம் நாலரை. தெருவில் கீரை விற்க வருகிறவளிடம் இதைவிட அதிக நேரம் பேசுகிறேன்.

முப்பத்துமூன்று வருஷம் சப்ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்தவன் நான். மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவதுதான் உத்தியோகம். ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம் ஆகியும் கை சும்மா இருப்பதில்லை. பால்காரன் வராத நாள், மோட்டார் ஓடிய நேரம், சிலிண்டர் மாற்றிய தேதி என்று டைரியில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். இன்றிலிருந்து இந்த லேப்டாப்புக்கும் லாக். ஃபால்ட்டைக் கண்டுபிடிக்காமல் விடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

பொருள்: லேப்டாப், கறுப்பு நிறம், வயது பன்னிரண்டு. தாரணி காலேஜ் மூன்றாம் வருஷம் படித்தபோது வாங்கியது. கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போகும்போது எங்களுக்கென்று விட்டுப்போனாள்.

குறை: பொத்தானை அமுக்கி ஒன்பது நிமிஷம் கழித்துத்தான் திரை வருகிறது. உள்ளே விசிறி மிக்ஸி மாதிரி இரைகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுபோகிறது.

இன்று நடந்தது: "சாப்டீங்களாப்பா" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பேத்தி ஆதிரை தூங்குகிறாளாம். "அம்மா பொடவையெல்லாம் பீரோவுல அப்படியே இருக்குது கண்ணு. எது வேணும்னு சொன்னீன்னா பார்சல் போட்டுடறேன்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா."

அதோடு முகம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. நான் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். முகம் நின்றதே தவிர, அவள் பின்னால் இருந்த ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி அப்படி. பிறகு கட். திரையில் ஒரு வரி வந்தது: "ஹேங் ஆயிருச்சுப்பா. அடுத்த வாரம் பேசலாம்."

ஜன்னல் திரை ஆடியதையும் எழுதிவிட்டேன். லாக் என்றால் பார்த்ததை எழுத வேண்டும். காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறிக்கோள் ஒன்றே ஒன்று. ஞாயிறு பத்து மணி அழைப்பு அரை மணி நேரம் நீடிக்க வேண்டும். என் வீட்டுக்காரி மயிலாத்தாள் போய் ஆறு மாசம் ஆகிறது. இனி எனக்கென்று பேச இருக்கிறது அந்தப் பெண் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாப்பிள்ளை பிரபு லேண்ட்லைனில் கூப்பிட்டார். "புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பிடறேனுங்க மாமா. இல்லைன்னா நல்ல செல்போனா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். தங்கமான பிள்ளை. வேண்டாம் என்றுவிட்டேன். பேத்தி முகத்தை உள்ளங்கை அகலத்தில் பார்க்க எனக்குக் கண் போதாது. தவிர, ஃபால்ட் எங்கே என்று தெரியாமல் சாமானை மாற்றினால் புதுச் சாமானிலும் அதே ஃபால்ட் வந்து நிற்கும். எத்தனை டிரான்ஸ்ஃபார்மரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முறை வேறு. இருபது கிலோமீட்டர் லைனில் எங்கேயோ கோளாறு என்றால், கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருக்க மாட்டோம். லைனை நடுவில் பிரிப்போம். முதல் பாதிக்குக் கரண்ட் கொடுத்துப் பார்ப்போம். கரண்ட் அறுபடாமல் ஓடினால் அந்தப் பாதி நல்ல பாதி, கோளாறு மறுபாதியில். பிறகு மறுபாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்போம். எட்டே தடவையில் கம்பத்துக்கு வந்துவிடலாம்.

இங்கேயும் அதேதான். ஒரு பாதி என் வீடு, மறுபாதி அவள் வீடு. முதலில் என் பாதியைச் சுத்தம் செய்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லேப்டாப்பைப் போட்டதும் கூடவே எழுந்து உட்கார்கிற புரோகிராம்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எண்ணினேன், இருபத்துமூன்று பேர். கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற ஒன்று, கல்லூரிக் காலத்துப் பாட்டுப் பெட்டி ஒன்று, நாங்கள் வாங்கவே இல்லாத பிரிண்டருக்கு ஒன்று. வைரஸ் பிடிக்க மட்டும் மூன்று. ஒரே கேட்டில் மூன்று வாட்ச்மேன் நின்றுகொண்டு ஒருத்தரையொருத்தர் சோதனை போட்டால் வீட்டுக்காரன் எப்போது உள்ளே போவது?

பத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினேன். ஒன்பது நிமிஷம் ஆறு நிமிஷமானது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மோட்டார் 6.10 முதல் 6.40. கொள்ளு ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

10.00 முதல் 10.04.

இன்று தானாகவே அம்மா பேச்சை எடுத்தாள். "அஞ்சு மாசம்ப்பா. ஒரு வார்த்தை சொல்லோணும்னு அம்மாவுக்குத் தோணவே இல்லியே" என்றாள்.

விவரம் எழுதிவிடுகிறேன். போன வருஷம் செப்டம்பரில் மயிலாத்தாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அப்போது தாரணிக்கு மூன்றாம் மாசம். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிரஷர். டாக்டர்கள் விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார்கள். புள்ளத்தாச்சியிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பிரசவம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவானது. கட்டி அதுவரைக்கும் பொறுக்கவில்லை. ஜனவரி 31, புதன்கிழமை, மயிலு போய்விட்டாள். அன்றைக்குத்தான் தாரணிக்கு எல்லாமே தெரியும்.

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு அவ சொல்லல" என்றேன்.

"அம்மாதான சொல்ல வேண்டாம்னது?"

"ஆமா கண்ணு."

முகம் நின்றது. என் மவுஸை நகர்த்திப் பார்த்தேன், நகர்ந்தது. மூலையில் கடிகாரம் 10.04-லிருந்து 10.05 ஆனது. விசிறி அமைதியாக ஓடியது. பார்த்ததை எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெசிந்தா என்கிற பெண் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயசிருக்கும். வளவளவென்று பேசுவதில்லை, அதுவே எனக்குப் பிடித்துப்போனது. நான் எழுதிக்கொண்டுபோன குறைப் பட்டியலை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தாள்.

"இப்படி எழுதிட்டு வர்ற கஸ்டமர் நீங்கதான் சார் மொத ஆளு" என்றாள்.

முதுகைக் கழற்றினாள். உள்ளே விசிறியில் ஒரு கோழிக்குஞ்சு அளவுக்குத் தூசி. ஊதி, துடைத்து, சூடு இறக்குகிற பசையை வழித்துவிட்டுப் புதுசு தடவினாள். பிறகு மூடியின் மேல் ஓரத்தைப் பார்த்துவிட்டு, நகத்தால் சுரண்டினாள்.

"கேமரா மேல பசை ஒட்டிட்டு இருக்குது. ஸ்டிக்கர் பொட்டு வெச்சு மூடியிருக்காங்க சார். யாரு பண்ணுனது?"

"கொழந்தைக யாராச்சும் ஒட்டியிருக்கும்" என்றேன்.

எங்கள் வீட்டில் குழந்தைகள் கிடையாது.

அவள் துடைத்துவிட்டு அடுத்த வரியைப் படித்தாள். "பேசறவங்க மொகம் மட்டும் நின்னுருது, பின்னாடி ஜன்னல் துணி ஆடுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க அம்மிணி."

"அப்படி ஆகாதுங்க சார். நின்னா முழுப் படமும் நிக்கும்."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க" என்று மூடியைத் திருகினாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மிக்ஸிச் சத்தம் போச்சு. கையை அடியில் வைத்தால் வெதுவெதுப்புதான். திரை வர ஐந்து நிமிஷம். பக்கத்து வீட்டில் கொடியேற்றிவிட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

10.00 முதல் 10.06.

இன்று ஆறு நிமிஷம். ஆதிரை முழித்திருந்தாள். பல் வருகிறதாம், எதைக் கண்டாலும் கடிக்கிறாளாம். தாரணி சொல்லிக்கொண்டே வந்தாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து நின்றது. மவுஸ் நகரவில்லை. கடிகாரம் நின்றது. முழுப் படமும், திரை, குழந்தை, சுவர் எல்லாமும் நின்றது. பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைக்க வேண்டியிருந்தது.

சத்தியமான ஹேங். இதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். ஆனால் உண்மை அதுதான். அவள் போகவில்லை, பெட்டிதான் போனது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஜெசிந்தா கடை. ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறதாம். காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். டிக் டிக் என்று பல்லி கத்துகிற சத்தம். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஒரு புது டிஸ்க்கில் படியெடுத்து மாட்டிவிடலாம், இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள். உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள்.

மாட்டிவிட்டு, போட்டுக் காட்டினாள். நாற்பது விநாடி. ஒன்பது நிமிஷம் எங்கே, நாற்பது விநாடி எங்கே. எனக்கே என் வயசில் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

"எத்தன நாளா ஹேங் ஆகுதுன்னு சொன்னீங்க?"

"ஒரு வருஷமா ஆகுது. போன செப்டம்பர்ல இருந்து" என்றேன். வாயில் தயாராக இருந்தது அந்தப் பதில்.

அவள் எதையோ திறந்தாள். தேதி தேதியாக ஒரு கட்டம் வந்தது, அங்கங்கே சிவப்புப் புள்ளி. "இது தனக்குத்தானே ஒரு லாக் எழுதிக்கும் சார். எப்ப போட்டாங்க, எப்ப அணைச்சாங்க, எப்ப நின்னுச்சு, எல்லாம் இருக்கும். பாருங்க, மொத ஹேங்கே இந்த ஏப்ரல் மாசந்தான். போன செப்டம்பர், டிசம்பர், ஜனவரி எல்லாம் சுத்தமா ஓடியிருக்குது. ஒரு புள்ளிகூட இல்ல."

"இருக்காதே" என்றேன்.

"மெஷின் பொய் எழுதாதுங்க சார்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், யாரோ பிரிண்ட் எடுக்க வந்திருந்தார்கள்.

நான் தேடினேன். ஜனவரி 28, ஞாயிறு. காலை 9.52 ஆன். 10.40 முறைப்படி ஆஃப். நடுவில் கோளாறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

பால் அரை லிட்டர். இன்றைக்கு எதையும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சோதனை ஓட்டம். ஜெசிந்தா கடையிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு போட்டாள். முப்பத்திரண்டு நிமிஷம். அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் பாதி நல்ல பாதி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

10.00 முதல் 10.04.

"படம் ரொம்ப தெளிவா இருக்குதுப்பா" என்றாள். புது டிஸ்க், புதுப் பசை, நாற்பது விநாடி எல்லாம் சொன்னேன். "இனி நிக்கவே நிக்காது கண்ணு" என்றேன். அவள் முகத்தில் ஒரு மாதிரி வந்துபோனது.

ஆதிரை மடியில் இருந்தாள். "உங்கம்மா மாதிரியே நெத்தி இவளுக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

தாரணி முகம் நின்றது. வாய் மூடி, கண் திறந்து, அப்படியே. ஜன்னல் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. மடியிலிருந்த குழந்தை கையை நீட்டி அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் அசையவில்லை. குழந்தை கன்னத்தைத் தட்டியது. அப்போதும் அசையவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் திரண்டு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பெண் அங்கே சிலையாக உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் அலோகூடச் சொல்லவில்லை. பிறகு கட்.

"ஹேங் ஆயிருச்சுப்பா."

இதற்கு மேல் தெரியாத மாதிரி எழுத முடியாது. முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். என்னிடம் பேச அவளுக்கு வாய் வரவில்லை. நேருக்கு நேர் சொல்லி அழைப்பை வைத்துவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அதற்கு இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்றும் தெரியும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று தடவை இந்தப் பக்கத்தைத் திறந்து மூடினேன். எழுதிவிடுகிறேன்.

பொட்டை ஒட்டியது நான். போன அக்டோபரில் மயிலுக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும், கண்ணாடியில் ஒட்டியிருந்த அவள் பொட்டை எடுத்துக் கேமரா மேல் ஒட்டினேன். தாரணியிடம் கேமரா போய்விட்டது என்றேன். அதிலிருந்து வெறும் குரல்தான். மயிலு குரல் தளர்ந்துபோன நாட்களில், தாரணி "ஏம்மா ஒரு மாதிரி பேசற" என்று ஆரம்பித்தால், இன்டர்நெட் மோடத்தின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவேன். லேப்டாப் ஹேங் ஆயிருச்சு என்று பிறகு சொல்லிக்கொள்வேன். ஒன்பது தடவை. பத்தும் இருக்கலாம். நல்ல மெஷின் மேல் பழியைப் போட்டேன். அது ஒரு வருஷமாக என்னிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

மயிலுதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்பது பாதி உண்மை. பொங்கல் வரைக்கும் அவளும் ஒத்துக்கொண்டுதான் இருந்தாள். பொங்கல் கழிந்ததும் மாறிவிட்டாள். "எனக்கு அவளப் பாக்கோணுங்க. அவகிட்டச் சொல்லோணுங்க. சொல்லாமப் போனா அந்தப் புள்ள என்னை என்னன்னு நெனைக்கும்" என்று தினமும் கேட்டாள். நான் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 28. பத்து மணிக்கு அழைப்பு வந்தது. மயிலு தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் தடுக்கிறதற்குள் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டிக் கீழே போட்டாள். "தாரணி, சாமி, நா ஒண்ணு சொல்லோணும்டா. எனக்கு ஒடம்பு…" என்றாள்.

சுவிட்சைத் தட்டினேன்.

தாரணி அந்தப் பக்கம் அம்மா முகத்தைப் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மயிலு.

"ஹேங் ஆயிருச்சு."

அவள் மோடத்தைப் பார்த்தாள். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி உடுங்க. அடுத்த வாரம் மொதல்லயே சொல்லிக்கறேன்" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஏன் தட்டினேன்? தாரணியின் பிரஷர், வயிற்றில் குழந்தை, டாக்டர் சொன்னது என்று ஊரெல்லாம் சொன்னேன். அதெல்லாம் இல்லை. அவள் சொன்னால் இவள் அழுவாள், இவள் அழுதால் அவள் அழுவாள், இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்ற பயம். அவ்வளவுதான். பதினோராயிரம் வோல்ட் பக்கத்தில் முப்பத்துமூன்று வருஷம் நின்றவனுக்கு இரண்டு பொம்பளைகள் அழுவதைப் பார்க்கப் பயம்.

இதில் கேவலம் என்னவென்றால், தாரணி தன் அம்மாமேல் கோபமாக இருக்கிறாள். அம்மா தன்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று நினைக்கிறாள். புடவை வேண்டாம் என்றதும் அதனால்தான். அந்தக் கோபம் என்மேல் வர வேண்டியது. செத்துப்போனவள் வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று நான் ஏழு மாசமாக விட்டுவைத்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லைனில் ஏறி வேலை செய்கிறவன், கரண்ட்டை நிறுத்தித் தரச்சொல்லித் தன் பெயரில் ஒரு சீட்டு வாங்குவான். லைன் கிளியர் என்போம். வேலை முடிந்ததும் அதே ஆள் வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் லைனுக்கு மறுபடி உயிர் கொடுப்போம். அவன் தம்பி வந்தாலும் செல்லாது, என்ஜினீயரே வந்து சொன்னாலும் செல்லாது. இந்தப் பொய் என் பெயரில் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுக்காமல் அந்த லைனுக்கு உயிர் வராது.

சொன்னால் ஞாயிறு நாலு நிமிஷமும் போய்விடலாம். போகட்டும். நாலு நிமிஷத்துக்குப் பயந்துகொண்டு அவளுக்கு அம்மா இல்லாமல் பண்ண முடியாது.

ஆகஸ்ட் 29, வியாழன்

பேச வேண்டியதைத் தாளில் எழுதினேன். கிழித்தேன். சிலிண்டர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 31, சனி

மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் பேட்டரி உபகரணம் ஒன்றை ஜெசிந்தா கொடுத்தாள். கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்குமாம். "நாளைக்கு முக்கியமான காலுங்களா சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

10.00: அழைப்பு.

அவள் சாப்டீங்களாப்பா என்று கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"தாரணி, போன ஜனவரியில லேப்டாப் ஹேங் ஆகல. ஒரு தடவகூட ஆகல. நாந்தான் மோடத்தை அணைச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. பொட்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பொங்கல், மயிலு தினமும் கேட்டது, 28-ஆம் தேதி, நாற்காலி, சுவிட்ச். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. லாக் படிக்கிற குரலில்தான் சொன்னேன், இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன்.

10.11: முடித்தேன்.

அவள் அசையாமல் இருந்தாள். ஆனால் இது அந்த அசையாமை இல்லை, தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ஒரு செகண்டு படம் வந்துச்சுப்பா" என்றாள். "தலையில துணி கட்டியிருந்தா. எண்ண வெச்சுக் குளிக்கப் போறான்னு நெனச்சேன்."

நான் மோடத்தின் விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா என்ன சொன்னா? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"தாரணி, சாமி, நா ஒண்ணு சொல்லோணும்டா. எனக்கு ஒடம்பு… அவ்வளவுதான் கண்ணு. அங்கதான் அணைச்சேன்."

"அதுக்கு முந்தி. எங்கிட்டச் சொல்லோணும்னு உங்ககிட்டக் கேட்டான்னீங்களே, அது."

"சொல்லாமப் போனா அந்தப் புள்ள என்னை என்னன்னு நெனைக்கும்னா."

அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அவள் அம்மா செத்த அன்றைக்கும் நான் அவள் அழுததைப் பார்க்கவில்லை, அப்போதும் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டேன். குழந்தையும் அழுதது. மாப்பிள்ளை வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது இதற்குத்தான். உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர இதில் செய்வதற்கு எதுவும் இல்லை. அது அன்றைக்குத் தெரியவில்லை.

10.24: "ஏழு மாசமா செத்துப்போன அம்மா மேல கோவமா இருந்தேன்ப்பா. நா சொல்லச் சொல்லக் கேட்டுட்டு சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்."

"உங்கள என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல கண்ணு."

முகத்தைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள்: "தெனம் டைரி எழுதுவீங்கல்ல? அந்த அஞ்சு மாசத்து டைரியில அம்மாவப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? எடுத்துப் படிங்க."

போன வருஷத்து டைரியையும் இந்த வருஷத்து டைரியையும் எடுத்துவந்து அவள் முன்னால் பிரித்தேன். செப்டம்பர் 6: மோட்டார் 6.15 முதல் 6.50, பால் ஒரு லிட்டர். அக்டோபர்: சிலிண்டர். நவம்பர்: மழை, மோட்டார் இல்லை. டிசம்பர் முழுக்கப் பால் கணக்கு. நூற்று நாற்பத்தேழு நாள். மயிலு பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி. இப்ப எழுதுங்க" என்றாள். "மொத நாள்ல இருந்து. எப்ப வலிச்சது, என்ன சாப்பிட்டா, ராத்திரி தூங்குனாளா, என்ன பேசுனா, நீங்க என்ன சொன்னீங்க. எனக்கு ஒரு நாள் விடாம வேணும். வாரவாரம் படிச்சுக் காட்டோணும். உங்களுக்கு நல்லா வர்ற மாதிரி எழுதக் கூடாது."

"எழுதறேன்."

"இப்ப நா வெக்கறேன். உங்க மொகத்தப் பாக்க முடியல எனக்கு. ஹேங் எல்லாம் ஆகல. நானேதான் வெக்கறேன்."

வைத்தாள்.

10.37.

செப்டம்பர் 2, திங்கள்

புது நோட்டு ஒன்று வாங்கிவந்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. பழைய டைரியிலேயே, அந்தந்தத் தேதியிலேயே இடம் நிறைய இருக்கிறது. பால் கணக்குக்குக் கீழே முழுப் பக்கமும் வெள்ளைதான்.

2023 செப்டம்பர் 6, புதன்

மோட்டார் 6.15 முதல் 6.50. பால் ஒரு லிட்டர்.

காலை 8.20. மயிலாத்தாள் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தோசையைத் திருப்பாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஏனுங்க, இங்க என்னமோ சுருக்குனு இழுக்குதுங்க" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேஸ்தான் என்றேன். தோசை கருகுது பாரு என்றேன்.